தங்கத்துக்கு மார்க் போடும் வாத்தியார்கள்

இருநூறு வருஷத்துக்கு முந்தின ஒரு தங்கக் காசைக் கையில் கொடுத்தால் உங்களுக்கு என்ன கேட்கத் தோன்றும்? யார் அடித்தது, எங்கே அடித்தது, இத்தனை வருஷம் எப்படித் தப்பிப் பிழைத்தது, இந்த மாதிரி ஏதாவது தோன்றினால் உங்களுக்கு இன்னும் வியாதி முற்றவில்லை என்று அர்த்தம். பழைய அமெரிக்கத் தங்கக் காசு சேர்க்கிற கூட்டத்தில் வியாதி முற்றியவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "என்ன கிரேடு?"

பிளாஸ்டிக் பெட்டி. அதன் தலையில் ஒரு லேபிள். லேபிளில் 1-லிருந்து 70-க்குள் ஒரு எண். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் காசையே பார்ப்பார்கள். பலபேர் பார்ப்பதும் இல்லை. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னிக்கு நம்ம தெரு மாமிகள் "கட் ஆஃப் எவ்வளவு?"ன்னு கேட்டுட்டு, பையன் மூஞ்சியைக் கூடப் பாக்காம உள்ள போவாங்களே, அதே கதைதான் :)

நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்த எண், செம்புக் காசுக்கு விலை போடுவதற்காக 1949-ல் ஒருத்தர் எழுதின சூத்திரத்தின் மிச்சம். சூத்திரம் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. எண் மட்டும் பேயா அலையுது. 1795-க்கும் 1834-க்கும் நடுவில் கையால் அடித்த தங்கக் காசுகளுக்கு அதை வைத்து மதிப்புப் போடுவது, காசுக்கும் கேடு, வாங்குகிறவனின் பர்ஸுக்கும் கேடு. "நீ என்ன பெரிய நிபுணனா?"ன்னு கேட்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கடைசியில் உங்களுக்கும் பதில் இருக்கு.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்காகச் சின்ன முன்கதை.

அமெரிக்கா தன் நாணயச் சட்டத்தைப் போட்டது 1792 ஏப்ரல் 2-ஆம் தேதி. 10 டாலர் தங்கக் காசுக்கு ஈகிள் என்று பெயர். 5 டாலர் ஹாஃப் ஈகிள், இரண்டரை டாலர் க்வார்ட்டர் ஈகிள். சட்டம் போட்டாச்சே தவிர, காசு வரவில்லை. தங்கத்தைக் கையாளும் அதிகாரிகள் ஆளுக்குப் 10,000 டாலர் ஜாமீன் கட்டணும்னு விதி. அந்தக் காலத்தில் அது மலை மாதிரி தொகை. அதைக் குறைத்த பிறகுதான் வேலையே நகர்ந்தது. ஃபிலடெல்ஃபியா தங்கசாலையிலிருந்து முதல் தங்கக் காசுகள், 744 ஹாஃப் ஈகிள்கள், வெளியே வந்த நாள் 1795 ஜூலை 31.

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னா சுலபமாப் புரியும். ஒரு ஹாஃப் ஈகிளின் எடை 8.75 கிராம். நம்ம பவுன் 8 கிராம். அதாவது ஒரு பவுனுக்குக் கொஞ்சம் கூட. தரம் பன்னிரண்டில் பதினோரு பங்கு தங்கம். 22 காரட். நம்ம நகைக்கடைக்காரர்கள் 916 என்கிறார்களே, அதேதான்.

இன்னொரு வேடிக்கை. அந்தக் காசில் அது எத்தனை டாலர் என்று எழுதியிருக்காது. ஹாஃப் ஈகிளில் "5 டி" என்று முதன்முதலில் எழுதினதே 1807-ல்தான். அதுவரைக்கும், தங்கம்தானே, தராசில் போட்டுப் பாத்துக்கோ என்பதுதான் கணக்கு. எண்ணே இல்லாமல் பன்னிரண்டு வருஷம் தங்கத்தை அடித்து வெளியே விட்டார்கள். இன்னிக்கு அதே காசுக்குத் தலையில் ஒரு எண் இல்லாவிட்டால் சபையில் இடமில்லை.

சரி, இந்த எண் எங்கிருந்து வந்தது?

வில்லியம் ஷெல்டன் என்று ஒரு அமெரிக்க மனோதத்துவக்காரர். மனுஷனின் உடம்பை அளந்து, ஒல்லி, குண்டு, கட்டுமஸ்து என்று மூன்று வகைக்கும் 1 முதல் 7 வரை மார்க் போட்டு, அதிலிருந்து அவன் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பினவர். அந்த ஆராய்ச்சியை இன்றைக்கு யாரும் சீந்துவதில்லை. அவருக்குப் பழைய செம்புக் காசு சேர்க்கும் பைத்தியமும் உண்டு. 1949-ல் அமெரிக்காவின் ஆரம்பகால சென்ட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். மனுஷனுக்கு மார்க் போட்ட கை சும்மா இருக்குமா? காசுக்கும் போட்டது.

அவர் யோசனை என்னவென்றால், 1794-ஆம் வருஷத்துச் செம்பு சென்ட்டில் ஒரு வகை அடையாளமே தெரியாமல் தேய்ந்து போயிருந்தால் அதன் விலை ஒரு டாலர். அதுவே அடித்த அன்று இருந்த மாதிரி பளபளவென்று இருந்தால் 70 டாலர். நடுவில் 20-ஆம் தரத்துக்கு 20 டாலர், 40-ஆம் தரத்துக்கு 40. அடிப்படை விலையைத் தரத்தால் பெருக்கு, விலை கிடைக்கும். அவ்வளவுதான் மேட்டர். 70 என்பது வானத்திலிருந்து வந்த எண் இல்லை. அழகுக்கும் முழுமைக்கும் அளவுகோல் இல்லை. ஒரு செம்புக் காசின் அன்றைய சந்தை விலை.

சந்தை விலை ஒரே இடத்தில் நிற்குமா? கொஞ்ச வருஷத்திலேயே செம்புக் காசுக்கே அந்தப் பெருக்கல் பொய்த்துப் போச்சு. அப்போதே அதைக் குப்பையில் போட்டிருக்கணும். போடலை.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லாப் புரியும். பதினைந்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு க்ளையண்டுக்காக எவனோ எழுதின ஒரு ஃபார்முலா. க்ளையண்ட் போயாச்சு, எழுதினவனும் போயாச்சு, அந்த பிசினஸே இல்ல. ஆனா அந்த எண்ணை நம்பி இருபது மாட்யூல் ஓடுது, அதனால தொட பயம். "அது ஏன் 70?"ன்னு கேட்டா, "தெரியாதுங்க, அப்படியே இருக்கட்டும்"பான். நாணய உலகம் 1977-ல் செய்தது அதேதான். அமெரிக்க நாணயவியல் சங்கம் அந்த வருஷம் வெளியிட்ட அதிகாரப்பூர்வ தர விதிமுறைகளில், செம்பு, வெள்ளி, தங்கம் எல்லாவற்றுக்கும் ஷெல்டனின் 70-ஐயே தூக்கி வைத்தது.

ஷெல்டன் அண்ணாச்சி பற்றி இன்னும் ஒண்ணு சொல்லாமல் போனால் தூக்கம் வராது. அவர் 1977-ல் காலமானார். பிற்பாடு வெளியே வந்த சங்கதி: நியூயார்க்கில் இருந்த அமெரிக்கன் நியூமிஸ்மேட்டிக் சொசைட்டியின் சேகரிப்பிலிருந்து நல்ல நல்ல சென்ட்டுகளை உருவிக்கொண்டு, அந்த இடத்தில் தன்னுடைய மட்டமான சென்ட்டுகளை வைத்திருக்கிறார். விஷயம் கோர்ட் வரை போனது. தரத்துக்கு எண் கண்டுபிடித்தவரே தரத்தை மாற்றி வைத்திருக்கிறார். இதுக்கு மேல நான் என்னத்த சொல்ல!

நிற்க. இதுவரை பழைய கதை. உண்மையான கூத்து 1986-ல் ஆரம்பம்.

அந்த வருஷம் பி.சி.ஜி.எஸ். வந்தது. மறுவருஷம் என்.ஜி.சி. காசை அனுப்பினால் பார்த்து, எண் போட்டு, பிரிக்க முடியாத பெட்டியில் அடைத்துத் தருவார்கள். ஸ்லாப் என்கிறார்களே, அதுதான். புழங்காத காசுக்கு முன்பெல்லாம் 60, 65, 70 என்று மூணே படி. அதுவே நிறைய. இப்போது 60-லிருந்து 70 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரு படி, மொத்தம் பதினோரு படி. வாங்குகிறவன் காசைப் பார்க்க வேண்டியதே இல்லை, எண்ணைப் பார்த்து போனிலேயே வாங்கலாம் என்றார்கள். வால் ஸ்ட்ரீட் கம்பெனிகளே நாணய ஃபண்டு ஆரம்பித்தன. 1989-ல் விலை ஆகாயத்துக்குப் போய், 1990-ல் தொப்பென்று விழுந்தது. தர நிர்ணயம் புறவயமானது, மாறாதது என்கிற விளம்பரத்தை 1990-ல் அமெரிக்க அரசின் ஃபெடரல் டிரேட் கமிஷன் கேள்வி கேட்டது. குற்றம் எதையும் ஒப்புக்கொள்ளாமல் கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

அதோட திருந்தினாங்களா? 2001-ல் யாருடைய செட்டுக்கு மொத்த மார்க் அதிகம் என்று போட்டி வைத்தார்கள். 2007-ல், மார்க் போட்டவர் சரியாகத்தான் போட்டாரா என்று பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட சி.ஏ.சி. என்று தனியாக ஒரு கம்பெனி வந்தது. 2010-ல் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ப்ளஸ் குறி சேர்ந்தது. 2023-லிருந்து ஸ்டிக்கர் ஒட்டினவர்களும் சொந்தமாக மார்க் போடுகிறார்கள். வாத்தியார், வாத்தியாருக்கு மேல ஹெட்மாஸ்டர், ஹெட்மாஸ்டரும் ட்யூஷன் சென்டர் ஆரம்பிச்சுட்டார்.

ஒரே வருஷம், ஒரே மெஷினில், லட்சக்கணக்கில் அச்சு மாறாமல் வந்த காசுகளுக்கு இந்த ஆட்டம் ஆடினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவை ஒன்றுபோல இருக்கும், கீறல் எண்ணலாம். ஆரம்பகாலத் தங்கம் அந்த ஜாதி இல்லை.

அன்றைய ஃபிலடெல்ஃபியா தங்கசாலையை நினைத்துப் பாருங்கள். தகடு உருட்டக் குதிரை. காசு அடிக்க மனுஷன் கைப்பிடியைச் சுழற்றி இழுக்கிற திருகு அச்சு. நீராவியில் காசு அடித்தது 1836-ல்தான். அச்சில் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக உளியில் தட்டினது. அதனால் ஒரு அச்சு மாதிரி இன்னொன்று இருக்காது. 1795 ஈகிளின் பின்பக்கம் கழுகு ஒரு ஓலைக் கிளைமேல் நிற்கும். அதில் சில காசுகளில் 13 இலை, சிலவற்றில் 9 இலை. 9 இலைக்காரர் அபூர்வம்.

நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1795-ல் 15 மாநிலம், 15 நட்சத்திரம். 1796-ல் டென்னஸி சேர்ந்ததும் 16. மாநிலம் சேரச் சேர நட்சத்திரம் சேர்த்தால் அந்த அம்மாள் தலைக்கு இடமிருக்காது என்று புரிந்து, பிறகு 13-க்கே திரும்பினார்கள். 1796 க்வார்ட்டர் ஈகிளில் முதலில் நட்சத்திரமே கிடையாது. அந்த மாதிரி அடித்தது 963. ஒரு புது நாடு தன் கணக்கைத் தானே போட்டுப் போட்டு அழிக்கிறதை விரல் நுனியில் பார்க்கலாம்.

எஃகு அச்சு செய்வது லேசில்லை என்பதால் வருஷம் முடிந்தாலும் தூக்கிப் போட மாட்டார்கள். பழைய எண்ணின் மேலேயே புது எண்ணைத் தட்டிவிடுவார்கள். 1802 என்று போட்ட ஹாஃப் ஈகிள் அத்தனையிலும் 2-க்கு அடியில் 1 இருக்கும். 1803 அத்தனையிலும் 3-க்கு அடியில் 2. ஃபிலடெல்ஃபியாவில் மஞ்சள் காய்ச்சல் வந்த வருஷங்களில் தங்கசாலையை மூடினார்கள். 1797, 1798, 1799, வரிசையாக மூன்று வருஷம். பெரிய கேடயக் கழுகு போட்ட ஒரு 1795 ஹாஃப் ஈகிள் உண்டு. அது உண்மையில் 1798 வாக்கில், மிச்சமிருந்த பழைய அச்சை எடுத்து அடித்தது என்பது ஆராய்ந்தவர்கள் முடிவு. காசில் இருக்கிற வருஷமே அடித்த வருஷம் இல்லை!

இதில் எது அந்த 1-லிருந்து 70-க்குள் வருகிறது? ஒண்ணும் வராது.

சில விஷயம் தலைகீழாகவே வரும். அந்தக் காலத்தில் வில்லை எடை கூடினால் ஆள் வைத்து அரத்தால் தேய்ப்பார்கள். எடை சரியானதும் அச்சில் போட்டு அடிப்பார்கள். அரம் தேய்த்த வரிகள் காசின் முகத்திலேயே தெரியும். என்னைக் கேட்டால் அந்த வரிகள்தான் காசின் உயிர். பேர் தெரியாத ஒரு கூலியாள், 1790-களில் ஒருநாள், சட்டம் சொன்ன எடை வருகிறவரை தேய்த்த தடம். இன்றைய சந்தையில் அது "கண்ணுக்கு உறுத்தல்", விலையைக் குறைக்கிற குறை.

எண் வரிசையின் லட்சணத்தையும் பாருங்கள். 50, 53, 55, 58, அப்புறம் ஒரேயடியாக 60. 60-க்கு மேலே இருந்தால் "புழங்காதது", 58 என்றால் "லேசாகப் புழங்கியது". கீறலும் அடியுமாக மூஞ்சி பெயர்ந்த 60-ஐ விட அழகான 58-ஐ இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருமே பார்த்திருக்கிறார்கள், ஒப்புக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனாலும் 58-க்கும் 62-க்கும் நடுவில் இருக்கிற விலை வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் பல மாசச் செலவு அடங்கும்.

எங்க ஆபீஸ்ல ஒரு அண்ணன். பேர் வேண்டாம். நிதானமான ஆள், ஷேர் மார்க்கெட் பக்கமே போகமாட்டார். "தங்கம், பழசு, அமெரிக்க முத்திரை, இதுல என்னப்பா ரிஸ்க்கு"ன்னு இங்கே ஒரு கடையில் 1807 ஹாஃப் ஈகிள் ஒண்ணு வாங்கினார். லேபிளில் எம்.எஸ். 62. நல்ல செகண்ட் ஹேண்ட் கார் ஒன்று வாங்குகிற காசு. அவர் எடை பற்றிக் கேட்டதுக்கும், காசு பற்றிக் கேட்டதுக்கும் கடைக்காரர் சொன்ன பதில் ஒன்றுதான். "சார், 62ன்னு கம்பெனியே எழுதியிருக்கே, அப்புறம் என்ன?"

இரண்டு வருஷம் கழித்து வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. அதே கடைக்கு, அதே பெட்டியை, அதே லேபிளோடு எடுத்துக்கொண்டு போனார். அதே மனுஷன் லூப்பை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, "கன்னத்துல லேசாத் தேய்மானம் தெரியுதே. இது வீக் 62. என்னைக் கேட்டா 58-தான். 58 விலைக்குன்னா எடுத்துக்கறேன்" என்றாராம்.

விற்கும்போது எண் வேதவாக்கு. வாங்கும்போது காசைப் பார்க்கணும்! அந்த லூப் இரண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்கய்யா போச்சு?

அண்ணன் அந்தப் பெட்டியை என்னிடம் காட்டியபோது, "அண்ணே, பின்னாடி கழுகுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு பாருங்க" என்றேன். "5 டி"ன்னு இருந்தது. அமெரிக்கா தன் 5 டாலர் தங்கத்தில் விலையை எழுத ஆரம்பித்த முதல் வருஷத்துக் காசு. முன்பக்கம் ஜெர்மனியிலிருந்து வந்த ஜான் ரைஷ் செய்த புது முகம். அதே 1807-ல் ராபர்ட் ஸ்காட் செய்த பழைய முகத்தோடும் ஹாஃப் ஈகிள் உண்டு. இரண்டு பேர் கைவேலை மாறுகிற வருஷம். "இதையெல்லாம் அவன் சொல்லவே இல்லையேப்பா" என்றார். சொல்லமாட்டான் அண்ணே. சொன்னா நீங்க காசைப் பாக்க ஆரம்பிச்சிருவீங்க.

இது ஒரு ஆள் நஷ்டம் மட்டும் இல்லை. எண் ஏறினால் பணம் ஏறும் என்றால் மனுஷன் என்ன செய்வான்? பெட்டியை உடைத்து மறுபடி அனுப்புவான். 58 வந்ததா, உடை. 61 வந்ததா, உடை. 62 வருகிறவரை உடை. காசு அதேதான், மார்க் மட்டும் மாறும். இதுக்குத் தொழிலில் பேரே இருக்கு, க்ராக் அவுட். ஒவ்வொரு தடவையும் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் புதுசாக ஒரு காசு பதிவாகும். பழைய லேபிளைத் திருப்பி அனுப்பினால் கழிப்பார்கள், எல்லோரும் அனுப்புவதில்லை. லட்சக்கணக்கில் இருக்கிற காசென்றால் நாலைந்து கூடினால் குடி முழுகாது. உலகத்திலேயே நாற்பது ஐம்பது மிஞ்சியிருக்கிற ஒரு வகைக்கு ஒரே காசு நாலு தடவை பதிவானால் என்ன ஆகும்? எத்தனை பிழைத்திருக்கிறது என்கிற அறிவே கெட்டுப்போகும். டூப்ளிகேட் எடுக்காத டேட்டாவை வைத்து ரிப்போர்ட் போட்டால் எங்க மேனேஜர் துரத்தித் துரத்தி அடிப்பார். இங்கே அதை வைத்து விலை சொல்கிறார்கள்.

அதைவிடக் கொடுமை காசுக்கே நடப்பது. கூட ஒரு மார்க் வாங்க ஆசிட்டில் முக்கி எடுப்பார்கள். இருநூறு வருஷமாகப் படிந்த செம்மண் நிறம் ஒரு நொடியில் போயிடும். கீறல் இருந்தால் பட்டி பார்ப்பார்கள். ஆமா, ஒடுங்கின காருக்குப் பட்டி பார்க்கிற மாதிரியேதான், தங்கத்துக்கும். பெட்டிக்குள் போகும்போது வழவழவென்று இருக்கும், வருஷம் போகப் போக மங்கலாகப் புகை படர்ந்தாற்போல வெளியே தெரியும். உருக்குலையில் தப்பி வந்த காசு, மார்க்கில் தப்ப முடியவில்லை.

உருக்குலை என்றேன். அது இந்தக் காசுகளின் பெரிய சோகம், சொல்லியே ஆகணும்.

1792 சட்டப்படி ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினைந்து பங்கு வெள்ளி. ஐரோப்பாவில் பதினைந்தரைக்கு மேல். அதாவது அமெரிக்காவில் தங்கம் மலிவு. வியாபாரி சும்மா இருப்பானா? தங்கக் காசைக் கப்பலில் ஏற்றி, அங்கே உருக்கி, வெள்ளியாக மாற்றினான். கடைசியில் 1834 ஜூன் 28-ல் சட்டத்தைத் திருத்தி, காசில் இருக்கும் தங்கத்தைக் குறைத்தார்கள். முன்பு ஈகிளில் 247.5 கிரெய்ன் சுத்தத் தங்கம், இனி 232. கணக்குப் போட்டுப் பாருங்கள், பழைய 5 டாலர் காசில் புது டாலரில் 5.33-க்குத் தங்கம் இருக்கும். அப்புறம் எவன் அதை 5 டாலருக்குச் செலவு பண்ணுவான்? தங்கசாலையும் வங்கியுமே உருக்கித் தள்ளின.

எதை உருக்குவது எதை விடுவது என்பதில் நியாயமே கிடையாது. 1815-ல் அடித்த ஹாஃப் ஈகிள் 635. இன்று ஒரு டஜன் போலத் தெரிகிறது. 1822-ல் தங்கசாலைக் கணக்குப்படி அடித்தது 17,796. இன்று உலகத்தில் தெரிந்தவரை மூன்றே மூன்று! அதில் இரண்டு ஸ்மித்சோனியனில். வெளியே இருக்கிற அந்த ஒன்று 1982-ல் லூயி எலியாஸ்பர்க் சேகரிப்பு ஏலத்தில் 6,87,500 டாலருக்குப் போனது. 2021 மார்ச்சில் 84 லட்சம் டாலர்.

இப்போது கேளுங்கள். அந்த 84 லட்சம் டாலர் காசின் கிரேடு என்ன தெரியுமா? ஏ.யு. 50. 70-க்கு 50. நம்ம ஊரு கணக்கில் ஃபர்ஸ்ட் க்ளாஸ், அவ்வளவுதான். இந்தப் பக்கம், இந்த நூற்றாண்டில் தங்கசாலை மெஷினில் அடித்து நேராகப் பெட்டிக்குள் போன, 70-க்கு 70 வாங்கின தங்க ஈகிள்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. சென்டம் வாங்கின பிள்ளைகள். உள்ளே இருக்கிற தங்கத்துக்கு மேலே கொஞ்சம் கொடுத்தால் போதும், வீட்டுக்கு வந்துடும்.

உண்மையான அபூர்வம் வந்து நிற்கும்போது இவர்களே எண்ணைப் பார்ப்பதில்லை. அந்தக் காசு யார் யார் கையில் இருந்தது, எப்படிப் பிழைத்தது என்று பக்கம் பக்கமாக ஏலக் கேட்டலாக்கில் எழுதுகிறார்கள். கோடீஸ்வரனுக்குக் கதை, சம்பளக்காரனுக்கு எண். இதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் வைத்துவிடுகிறேன். "பெட்டி இல்லாட்டி போலிக் காசை எப்படிப்பா கண்டுபிடிப்ப?" நியாயமான கேள்வி. போலிகள் குவிந்து கிடக்கின்றன, அதிலும் தங்கத்தில் அச்சு அசலாகச் செய்கிறார்கள். இது நிஜமான காசுதான் என்று விஷயம் தெரிந்த நாலு பேர் பார்த்துச் சான்று தருவது பெரிய சேவை. எடை, தங்கத்தின் தரம், அச்சு வகை எல்லாம் சோதித்துப் பார்க்கக்கூடியவை. அந்தச் சான்றுக்குப் பணம் கொடுங்கள், நானும் கொடுப்பேன். பெட்டி வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

இதுக்குப் பழைய முன்மாதிரியே உண்டு. நியூயார்க்கில் எஃப்ரெய்ம் ப்ரேஷர் என்று ஒரு பத்தர் இருந்தார். ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அந்தக் காலத்தில் ஊரில் புழங்கினது பல நாட்டுத் தங்கம், அதில் பாதி ஓரம் சுரண்டினது. ப்ரேஷர் ஒவ்வொன்றையும் எடை பார்த்து, தரம் பார்த்து, சரியாக இருந்தால் "இ.பி." என்று தன் முத்திரையைக் குத்துவார். அந்த முத்திரை இருந்தால் வியாபாரி நம்பி வாங்குவான். 1787-ல் அவரே செய்த தங்க டப்ளூன்கூட இ.பி. முத்திரையோடுதான் இருக்கிறது. அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு தராசு இருந்தது. சந்தேகம் வந்தால் இன்னொரு பத்தரிடம் கொண்டுபோய் உரைகல்லில் உரசிப் பார்த்துக்கொள்ளலாம். 61-க்கும் 62-க்கும் எந்த உரைகல் இருக்கு? அது ஒரு அபிப்பிராயம். நல்ல கண் உள்ளவரின் அபிப்பிராயமாகவே இருக்கட்டும். அதை அளவு என்று சொல்லி விற்காதீர்கள் என்கிறேன்.

"புதுசா வர்றவனுக்கு எண் ஒரு வழிகாட்டி" என்பார்கள். வழிகாட்டியாக இருந்தால் சரி. ஊர் வந்த பிறகும் வழிகாட்டிப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அவர்களை என்ன செய்ய?

சரி, திட்டியாச்சு. உருப்படியாக நாலு வார்த்தை.

ஒன்று. காசுக்கு முன்னாடி புத்தகம் வாங்குங்கள். டல்லஸைச் சேர்ந்த ஹாரி பாஸ் என்று ஒரு சேகரிப்பாளர், 1998-ல் காலமானார். ஆரம்பகாலத் தங்கத்தை எண் பார்க்காமல் அச்சு வகை பார்த்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவர். அவருடைய குறிப்புகளையும் சேர்த்து ஜான் டான்ரூதர் 2006-ல் கொண்டுவந்த புத்தகத்தில் 1795-லிருந்து 1834 வரை உள்ள அச்சு வகை அத்தனையும் இருக்கிறது. ஒரு பேரை மட்டும் சொல் என்றால் அதைத்தான் சொல்வேன்.

இரண்டு. விற்பவரிடம் எண்ணைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன அச்சு வகை? இதற்கு முன் யாரிடம் இருந்தது? மேற்பரப்பில் கை வைத்திருக்கிறார்களா? பதில் தெரியாமல் லேபிளைக் காட்டினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்று. "நான் இதை நாளைக்கே திருப்பிக் கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுப்பீங்க?" என்று வாங்கும் முன்பே கேளுங்கள். எங்க அண்ணன் கேட்டிருந்தால் அந்த லூப் அன்னிக்கே வெளியே வந்திருக்கும்.

நான்கு, இது கம்பெனிகளுக்கு. லேபிளில் அச்சு வகையையும், தெரிந்தவரை பழைய உடைமைக்காரர்களையும் எல்லா ஆரம்பகாலத் தங்கத்துக்கும் கேட்காமலே போடுங்கள். எண்ணைப் போட்டே ஆகணும் என்றால் அந்தத் தகவலுக்குக் கீழே, சின்ன எழுத்தில் போடுங்கள். ஒவ்வொரு காசுக்கும் படம் எடுத்துவைத்து, மறுபடி வருவது அதே காசுதானா என்று பார்த்துக் கணக்கைச் சுத்தம் பண்ணுங்கள். மொத்தமே அதிகம் இல்லை. இதை ஒரு ஃபைனல் இயர் பையன் ப்ராஜெக்டாகவே செய்து கொடுத்துடுவான். மனசு வேணும், அவ்வளவுதான்.

கொசுறு: "உன்கிட்ட என்ன இருக்கு, நீ பேச வந்துட்ட?" என்பவர்களுக்கு. இந்தச் சரக்கில் என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. 1834-ல் புதுச் சட்டத்துக்கு அப்புறம் எடை குறைத்து அடித்த ஹாஃப் ஈகிள். வில்லியம் நீஸ் செய்த முகம். பழைய காசோடு குழம்பக்கூடாது என்று அதில் அந்த லத்தீன் வாசகத்தையே எடுத்திருப்பார்கள். தன் அண்ணன்மார் அத்தனை பேரையும் உருக்குலைக்கு அனுப்பிவிட்டு வந்த தம்பி. எப்போதோ எவனோ துடைத்துக் கழுவியிருக்கிறான், அதனால் கம்பெனி எண் தரவில்லை. லேபிளில் "சுத்தம் செய்யப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. தெரிந்தேதான் வாங்கினேன். மார்க் வாங்காத பையன். பழைய எடைக்கும் புது எடைக்கும் நடுவில் 1834-ல் விழுந்த கோடு எதுன்னு கேட்டா, எடுத்துக் கையில கொடுப்பேன்.